ரீயூனியன் எரிமலைக்கு பஸ் போகுமா? அம்மாவோடு போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில் மொரீஷியஸ் பக்கத்தில் இருக்கிற ரீயூனியன் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 63, முழங்கால் கொஞ்சம் தகராறு, ஆனாலும் காங்கேயநல்லூர் முருகன் கோயிலுக்கு இன்னமும் நடந்தேதான் போய் வருகிறார். மொத்தம் 9 நாள். மேற்குக் கடற்கரையில் சேன் ஜில் என்ற ஊரில் எட்டு இரவுக்கும் ஒரே இடத்தில் ரூம் போட்டுவிட்டேன் (ரத்து செய்தால் பணம் திரும்ப வரும்). அங்கிருந்து ஒரு நாள் எரிமலை, ஒரு நாள் சிலாவோஸ், ஒரு நாள் மஃபாத் (இரண்டும் மலை நடுவில் இருக்கிற பள்ளத்தாக்குகள்) என்று பஸ்ஸிலேயே போய்த் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. தீவே 2,512 சதுர கிலோமீட்டர்தான், பிரிப்பதற்கு முன்னால் இருந்த நம்ம வேலூர் மாவட்டத்தில் பாதி கூட வராது. காலையில் ஏலகிரி போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற மாதிரிதானே?

கேள்விகள்: எரிமலை வரைக்கும் பஸ் உண்டா? அம்மா நடக்காமல் ஏதாவது பார்க்க முடியுமா? மனைவியிடம் ஆபீஸ் வேலைக்காக வாங்கிய ஷெங்கன் விசா இருக்கிறது, அது போதுமா? அப்புறம் ஷூ. என்னிடம் நாலு வருஷத்துக்கு முன் வாங்கி இரண்டே தடவை போட்ட ட்ரெக்கிங் ஷூ பெட்டியிலேயே இருக்கிறது, அதை எடுத்துப் போகலாமா?

தோட்டப்பாளையம் ராஜா எழுதியது:

எரிமலைதான் பார்க்கணும்னா எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம அந்தமான்ல பேரன் தீவு இருக்கே. செலவும் மிச்சம், விசாவும் வேண்டாம்.

பாலாற்று மணல் எழுதியது:

ராஜா, பேரன் தீவில் இறங்க விடமாட்டார்கள். படகில் போய்க் கடலில் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 63 வயது அம்மாவை அத்தனை மணி நேரம் படகில் உட்கார வைத்து, தூரத்தில் தெரிகிற புகையைக் காட்டிக் கூட்டி வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

காட்பாடித் தம்பி, நான் புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு தடவை ரீயூனியன் போயிருக்கிறேன். முதலில் அந்த ரூமை மாற்றுங்கள். எட்டு இரவும் கடற்கரை என்பது பெரிய தப்பு. தீவு சின்னதுதான், ஆனால் படுத்துக் கிடக்கிற தீவு இல்லை, நிமிர்ந்து நிற்கிற தீவு. நடுவில் பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர், அது அணைந்து போன பழைய எரிமலை. தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர், இதுதான் இன்றைக்கும் கக்கிக்கொண்டிருப்பது. நம்ம தொட்டபெட்டா 2,637. அதாவது கடலோரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சி உயரத்துக்கு ஏறப் போகிறீர்கள்.

உயரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், மேகத்தைத்தான் சமாளிக்க முடியாது. வெயில் ஏற ஏறக் கடல்காற்று சரிவில் மேலே வந்து மேகமாகிவிடும். விடிந்து இரண்டு மூன்று மணி நேரம் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், ஒன்பது பத்து மணிக்கு மேல் எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூடிவிட்டால் முன்னால் எரிமலை இருக்கிறதா சுண்ணாம்புச் சுவர் இருக்கிறதா என்றே தெரியாது. ஜூலையில் அங்கே விடிவதே ஏழு மணிக்குப் பக்கத்தில். அதனால் ஏழு மணிக்கு நீங்கள் மேலே நின்றாக வேண்டும்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். கடலோர ஊர்களை எல்லாம் கார் ஜோன் என்கிற மஞ்சள் பஸ் இணைக்கிறது, நல்ல பஸ்தான் (இறங்கணும்னா கையைத் தட்டணும், முதல் தடவை யாரோ டிரைவரைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்). தெற்கே சேன் பியேரில் இருந்து மேட்டுச் சமவெளி வழியாகக் கிழக்கே சேன் பெனுவா போகிற பஸ் பூர் மூரா என்ற ஊரில் நிற்கும். அங்கிருந்து எரிமலை விளிம்பு, பா தெ பெல்கோம்ப் என்கிற இடம், இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். மஞ்சள் பஸ் அங்கே ஏறாது. கார் எடுக்கணும், இல்லை வேனில் கூட்டிப் போகிறவர்களிடம் சொல்லணும்.

ஆகவே மூன்று இரவாவது பூர் மூராவில் தங்குங்கள். உள்ளூரில் அதற்கு 'இருபத்தேழாவது' என்றும் பெயர். சேன் பியேரில் இருந்து மேலே வருகிற ரோட்டில் கிலோமீட்டர் கணக்கை வைத்தே ஊருக்குப் பெயர் சொல்வார்கள். எரிமலை அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது, எரிமலையைக் கண்காணிக்கிற ஆய்வகமும் அந்த ஊரில்தான். 1977-ல் எரிமலைக் குழம்பு கிழக்குக் கரையில் சேன்த் ரோஸ் பக்கம் ஊருக்குள் வந்த பிறகு வைத்தது.

மேலே போகிற ரோட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதலில் பச்சைப் புல், மாடு, ஊட்டி மாதிரி. அப்புறம் கொமெர்சோன் என்கிற பழைய எரிமலை வாய், ரோட்டோரத்திலேயே. 1980 ஜனவரியில் ஒரு புயல் நகராமல் சுற்றிச் சுற்றி வந்ததில் அந்த இடத்தில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை பெய்தது, உலக சாதனை. வேலூரில் ஒரு வருஷத்துக்கே ஒரு மீட்டர் சுமார்தான் பெய்கிறது. ஆறு வருஷ மழை பதினைந்து நாளில்! பாலாற்றில் தண்ணீர் பார்க்காமலே வளர்ந்த நமக்கு அதை எழுதி வைத்திருக்கிற பலகைக்கு முன்னால் நின்றால் வயிறு எரியும். அதைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பினால் புல் மாடு எல்லாம் காணாமல் போய் செம்மண்ணும் கருமண்ணும் கலந்த ஒரு பெரிய வெறும் தரை கீழே விரியும், மணல் சமவெளி என்று பெயர். அதற்குள் இறங்கி மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனால் கார் நிறுத்தம்.

அம்மாவுக்கு நல்ல சேதி: கார் நிறுத்தத்தில் இருந்து சில நிமிஷ நடையில் விளிம்பு வந்துவிடும். 2,311 மீட்டர், ஊட்டி உயரம்தான். அங்கே நின்றாலே கீழே நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிற சுவர், அதற்குள் கறுத்துக் கிடக்கிற குழம்புத் தரை, நடுவில் எரிமலைக் கூம்பு எல்லாம் தெரியும். உச்சியில் இருக்கிற தோலோமியூ வாய்க்குள் எட்டிப் பார்க்கத்தான் நடக்கணும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி இறங்கி, குழம்புத் தரையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே போய், ஏறி, திரும்ப வர ஐந்து ஆறு மணி நேரம். குமுற ஆரம்பித்தால் படிக்கட்டு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியிருந்தால் பூட்டியதுதான், தாண்டிக் குதிக்கிற வேலை வேண்டாம்.

மஃபாத்துக்கு ரோடே கிடையாது. எண்ணூறு பேர் மாதிரி உள்ளே குடியிருக்கிறார்கள், சாமான் ஹெலிகாப்டரில் போகிறது. நடக்கலாம், ஆனால் அம்மாவோடு வேண்டாம். மைதோ என்ற மேட்டுக்குக் காரில் போய் மேலே இருந்து பாருங்கள், அதுவும் காலையிலேயே.

கண்ணமங்கலம் கீதா எழுதியது:

விசா விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். ரீயூனியன் பிரான்ஸ்தான், அங்கே யூரோதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. சாதாரண ஷெங்கன் ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு போய் நின்றால் ஏற்றவே மாட்டார்கள். பிரான்சின் கடல் கடந்த பகுதிக்குச் செல்லும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் போகிற இடம் ரீயூனியன் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள், உங்கள் மனைவிக்கும் தனியாக வாங்கணும். மொரீஷியஸ் வழியாகப் போனால் அங்கிருந்து முக்கால் மணி நேர விமானம், மொரீஷியஸுக்கு நமக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. எங்கள் குடும்பம் இரண்டு நாள் மொரீஷியஸ், மீதி ரீயூனியன் என்று போய் வந்தோம்.

ஊர்சுற்றி632 எழுதியது:

மணல் அண்ணன் ரொம்ப பயமுறுத்துகிறார். நாங்கள் நாலு பேர் கடற்கரையில்தான் தங்கினோம். ராத்திரி மூன்றரைக்கு எழுந்து நாலு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு மேலே நின்றோம், எல்லாம் பார்த்தோம், மத்தியானம் கடலில் குளித்தோம். ரூமை மாற்றி அம்மாவைக் குளிரில் நடுங்க வைப்பதைவிட இது மேல். பூர் மூராவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒன்றுமே கிடையாது, பனியும் இருட்டும்தான்.

பாலாற்று மணல் எழுதியது:

உங்கள் வண்டியில் நாலு இளவட்டம். மூன்றரை மணிக்கு எழுப்பினால் அம்மா எழுந்துவிடுவார்தான், அவர் தினமும் அதற்கு முன்பே எழுகிறவராகக்கூட இருக்கலாம். நான் கேட்பது வேறு. இருட்டில், புது ஊரில், வலது பக்கம் வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லாதவர், முதல் நாளே மலை ரோட்டில் இரண்டரை மணி நேரம் ஓட்டி, மேலே போன பிறகு மேகம் மூடியிருந்தால்? உங்களுக்கு ஒரே சீட்டு, அது விழுந்துவிட்டது. மேலே தங்கினால் மூன்று காலை இருக்கிறது, மூன்றில் ஒன்று கட்டாயம் திறக்கும்.

ஊர்சுற்றி632 எழுதியது:

சரி, அது ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பின்னால் வந்த ஒரு குடும்பம் காரிலேயே உட்கார்ந்து வெள்ளையைப் பார்த்துவிட்டுப் போனது.

கார் எடுக்கிறவர்களுக்கு: ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். அங்கே பெரும்பாலும் கியர் வண்டிதான், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லணும். கியர் வலது கையில் வரும், முதல் நாள் கதவைத்தான் நாலு தடவை கியர் போட்டேன். மேலே கிளம்பும் முன் பெட்ரோல் நிரப்புங்கள். சிலாவோஸ் போகிற ரோட்டில் வளைவு மட்டும் நானூறு இருக்கும் என்கிறார்கள், ஏலகிரியில் பதினாலு கொண்டை ஊசிக்கே வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தால் யோசியுங்கள்.

ஆம்பூர் சோல் எழுதியது:

எரிமலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஷூவைப் பற்றிச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக ஃபேக்டரியில் அதுதான் வேலை. அந்த நாலு வருஷப் பெட்டி ஷூவைத் தொடாதீர்கள். ட்ரெக்கிங் ஷூ நிறையவற்றில் அடியில் தரையைத் தொடுவது ரப்பர், அதற்கும் காலை மூடுகிற மேல்பகுதிக்கும் நடுவில் மெத்தென்று இருப்பது பி.யூ., அதாவது பாலியூரித்தேன் என்கிற நுரை. இந்த பி.யூ. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். போட்டு நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பெட்டியில் பூட்டி வைத்தால் சீக்கிரம் போகும், நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. இரண்டு கிலோமீட்டர் நடந்ததும் பழைய பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து சோல் தனியாக வந்துவிடும். இப்பவே எடுத்து நடுப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுப்பாக இருந்தாலோ முடிந்தது கதை.

புதுசு வாங்கினால் கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்பே வாங்கி தினமும் போட்டு நடங்கள். மெல்லிய ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம், கண்ணாடித் துண்டு மாதிரிக் கல் என்றால் ஸ்பாஞ்சு தாங்காது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்கள், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள், படி இறங்குகிற மாதிரி நின்று பாருங்கள், பெருவிரல் முன்னால் முட்டக் கூடாது.

காட்பாடிக்காரன் எழுதியது:

ஆம்பூர் அண்ணா, இப்போதுதான் எடுத்து அழுத்தினேன். கட்டை விரல் உள்ளே போய்விட்டது. மனைவி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். நாலு வருஷமாக அந்தப் பெட்டி எதுக்கு இடத்தை அடைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவள்.

ரூமையும் மாற்றிவிட்டேன். பூர் மூராவில் மூன்று இரவு, சேன் பியேரில் மூன்று, கடைசி இரண்டு கடற்கரையில். அம்மா சைவம், முட்டை கூடக் கிடையாது. என்ன செய்வது?

ஆரணி அக்கா எழுதியது:

தம்பி, சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே, ஆனால் கேட்டு வாங்கணும். ஹோட்டலில் 'கரி' என்றால் கோழி, பன்றி, மீன் எல்லாம்தான். ஆனால் எந்தத் தட்டிலும் சோறு இருக்கும், பக்கத்தில் பருப்போ பீன்ஸோ ஒரு குழம்பு இருக்கும், கீரைப் பொரியல் இருக்கும். அதையே தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள். சிலாவோஸில் விளைகிற பருப்புக்குத் தனிப் பெயர் உண்டு. 'ரூகாய்' என்று ஒன்று தருவார்கள், தக்காளியும் பச்சை மிளகாயும் போட்ட துவையல் மாதிரிதான். ஆனால் ஜாக்கிரதை, ரூகாய் சொசீஸ் என்றால் பன்றி இறைச்சி.

சந்தைக்குக் கட்டாயம் கூட்டிப் போ. ஏன் என்று நான் சொல்ல மாட்டேன், அம்மாவைக் காய்கறிக் கடையில் நிற்க வைத்துப் பெயரைக் கேட்கச் சொல்.

சேண்பாக்கத்துக் கூத்தன் எழுதியது:

அங்கே நம் ஆட்கள் தீ மிதிக்கிறார்கள் என்று யாரும் இன்னும் எழுதவில்லையே. 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860-ல் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை போட்ட பிறகு பிரிட்டிஷ் பகுதிகளில் இருந்தும் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். 1882-ல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். அவர்கள் வம்சத்தை அங்கே 'மல்பார்' என்கிறார்கள், ஆனால் மலபாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் குறைவு, பெரும்பாலும் தமிழ்தான். பேச்சில் தமிழ் போய்விட்டது. பெயரிலும் கோயிலிலும் இருக்கிறது. தீமிதி யாருக்குத் தெரியுமா? 'பாண்டியாலே' என்கிறார்கள். பாஞ்சாலி! நம்ம பக்கம் பாரதக் கூத்து வைத்து, துரியோதனன் படுகளம் முடித்து, தீ மிதிக்கிறோமே அதே திரௌபதி அம்மன். நம்ம ஆற்காட்டுப் பக்கம் எந்த ஊரில் இருந்து எந்தத் தாத்தா அந்தக் கதையை மூட்டையில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினாரோ. சேன் ஆந்த்ரேயில் கோயில்களைப் பாருங்கள், எரிமலைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரையில்தான்.

தோட்டப்பாளையம் ராஜா எழுதியது:

இதைப் படிச்சதும் எனக்கே போகணும் போல இருக்கு. பேரன் தீவு கேன்சல்.

காட்பாடிக்காரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம். நீளமாகவே எழுதுகிறேன், இத்தனை பேர் உதவி செய்த பிறகு 'நன்றி, நன்றாக இருந்தது' என்று முடித்தால் நன்றாக இருக்காது.

முதலில் ஒரு வயிற்றெரிச்சல். விமான நிலையத்தில் கார் எடுக்கப் போனால், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்போம், டெபிட் கார்டு செல்லாது என்றார்கள். புக் செய்தபோது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்திருக்கிறது. மனைவியின் கிரெடிட் கார்டைக் காட்டினால், ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் மனைவியையே ஓட்டுநராக எழுதி (நல்லவேளை அவளும் அனுமதி வாங்கியிருந்தாள், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று) வண்டி வாங்கினோம். இரண்டு மணி நேரம் போச்சு. அதற்குப் பிறகு ஒன்பது நாளும் முக்கால்வாசி அவள்தான் ஓட்டினாள், என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று அம்மா தினமும் ஒரு தடவை சொன்னார்.

முதல் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். காரில் வெளி வெப்பம் 3 டிகிரி காட்டியது. வேலூரில் 42 பார்த்துவிட்டுப் போன உடம்பு. அம்மா ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, அதன் மேல் என் ஜாக்கெட், குரங்குக் குல்லா. மணல் சமவெளியில் இறங்கும்போது நல்ல மேகம், மனைவி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள், விளிம்பில் ஏழே முக்கால் வரை நின்றும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மணல் அண்ணனை அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன், இன்னும் இரண்டு காலை கையில் இருந்ததே.

இரண்டாம் காலை அப்படியே திறந்து கிடந்தது. ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் கறுப்பாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். வெளிச்சம் வர வரத்தான் கறுப்புக்குள்ளேயே எத்தனை கறுப்பு என்று தெரிந்தது: புதுக் குழம்பு தார் மாதிரி, பழையது சாம்பல், சில இடத்தில் துரு. சுவருக்குக் கீழேயே தரையில் செக்கச் சிவப்பாக ஒரு சின்னக் குன்று, நடுவில் குழி. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "இதென்ன, நம்ம வீட்டுத் திண்ணை ஓரத்துல குழியானை பறிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். மனைவி போனில் தேடிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அதன் பெயர் ஃபோர்மிக்கா லியோ. மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கிற குழியானையேதான்! 1753 குமுறலில் வந்த குன்று, ஐம்பது வருஷம் கழித்து வந்த ஒரு பிரெஞ்சு இயற்கை ஆய்வாளருக்கும் இதே பூச்சியின் குழிதான் ஞாபகம் வந்திருக்கிறது.

அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு (ஃபிளாஸ்க்கில் காபி, கூடவே கந்தர் அனுபூதி) நானும் மனைவியும் அந்தக் குன்று வரை மட்டும் இறங்கிப் போய் வந்தோம். தரை ஒரு இடத்தில் கேழ்வரகுக் களியைத் துடுப்பால் இழுத்து விட்ட மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது, கையால் தடவலாம். பத்தடி தள்ளி அதே குழம்பு உடைந்த செங்கல் குவியல் மாதிரி, விழுந்தால் தோல் போய்விடும். இறங்கிய படி எல்லாம் திரும்ப ஏறணும் என்பது திரும்பும்போதுதான் உறைக்கிறது.

மூன்றாம் காலை நான் மட்டும் தோலோமியூ வரைக்கும் போனேன். வழியில் நிறைய பேர் நடக்கிறார்கள், தனியாக இருப்பது மாதிரியே தோன்றாது. ஏழேகாலுக்கு இறங்கி ஒன்பதே முக்காலுக்கு வாய் ஓரம். 2007 ஏப்ரலில் அந்த வாயின் தரை அப்படியே முன்னூறு மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டதாம். அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் தேசியப் பூங்கா என்று அறிவித்திருந்தார்கள். சுவரில் அடுக்கடுக்காகக் கோடு, அங்கங்கே லேசாக ஆவி, எங்கோ கல் உருளும் சத்தம். கால் மணி நேரம் பார்த்திருப்பேன், கீழே இருந்து வெள்ளையாக வந்து மூடிவிட்டது. திரும்பும்போது பெயின்ட் புள்ளி ஒன்றை விட்டு அடுத்ததைத் தேடி நிற்க வேண்டியிருந்தது, ஒரு இடத்தில் தெரியவே இல்லை, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் ஒரு லிட்டர் கொண்டு போனது பத்தவில்லை, இரண்டாவது வேண்டும். குளிராக இருக்கிறதே என்று கழுத்துக்கு ஒன்றும் தடவாமல் போய்த் தோல் உரிந்துவிட்டது.

அப்புறம் கிழக்குக் கடற்கரை. குழம்பு கடலுக்கு இறங்குகிற சரிவின் குறுக்கேயே ரோடு போகிறது, 2007-ல் குழம்பு வந்து அதை மூடிவிட, மேலேயே திரும்பப் போட்டிருக்கிறார்கள், இப்போது அந்தக் கல்லின் மேல் செடி முளைத்திருக்கிறது. சேன்த் ரோஸ் பக்கத்தில் 1977-ல் குழம்பு வாசல் வரை வந்து இரண்டாகப் பிரிந்து போன மாதா கோயில் இருக்கிறது. அம்மா வெளியே கிடக்கிற கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சேன் ஆந்த்ரேயில் கோயில் பூசாரி அம்மாவிடம் பிரெஞ்சில் பேச, அம்மா தமிழில் பேச, அர்ச்சனை மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாக நடந்தது.

ஆரணி அக்கா, சந்தைக்குப் போனோம். சேன் பியேர் சனிக்கிழமைச் சந்தை. அம்மா ஒரு கொத்தைக் காட்டிக் கேட்டார், கடைக்காரம்மா "கலூப்பிலே" என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். முருங்கைக் கீரையைக் காட்டினார், "மூரூம்". பீர்க்கங்காயைக் காட்டினார், "பிப்பாங்காய்". அதற்கு மேல் அம்மா நகரவே இல்லை, கடையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் பெயர் சொல்ல, இவர் பெயர் சொல்ல, பின்னால் வரிசையே நின்றுவிட்டது. கறிவேப்பிலை இரண்டு கொத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஆரணி அக்கா எழுதியது:

அதான் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

ஊர்சுற்றி632 எழுதியது:

முதல் காலை மூடியிருந்தது என்று படித்ததும் மணல் அண்ணன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விடுங்கள்.

ஆம்பூர் சோல் எழுதியது:

எல்லாம் எழுதினீர்கள், ஷூ என்னாச்சு என்று எழுதவில்லையே? சோலைப் படம் எடுத்துப் போடுங்கள்.

காட்பாடிக்காரன் எழுதியது:

போட்டிருக்கிறேன் அண்ணா. ஒரு மாசம் காட்பாடி மேம்பாலத்தில் தினமும் போட்டு நடந்த ஷூ அது, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னப்பா மிலிட்டரியில் சேரப் போறியா என்று கேட்டார்கள்.

ஆம்பூர் சோல் எழுதியது:

ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, முன்பக்கம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி. வலது குதிகால் வெளி ஓரம் இடதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது பாருங்கள், படி இறங்கும்போது பாரத்தை எல்லாம் அந்தக் காலில்தான் போட்டிருக்கிறீர்கள். முழங்கால் தகராறு அம்மாவுக்கு மட்டும்தானா? ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பக்கம் வந்தால் எடுத்து வாருங்கள், உள்ளே ஒரு ஆப்பு வைத்துத் தருகிறேன். பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.